மீன் தொட்டியின் மூன்றாவது கணக்கு

ஊர் விட்டு ஊர் வந்து ஃப்ளாட்டில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, பிள்ளைகள் ஏதாவது ஒரு ஜீவனை வளர்த்தே ஆகணும் என்று அடம் பிடித்தால் சாய்ஸ் ரொம்பக் குறைவு. நாய் வாங்கினால் சொசைட்டி மீட்டிங்கில் தகராறு. பூனைக்குத் தங்கமணி தடை. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தால் சட்டப்படி குற்றம். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மிச்சம் இருப்பது மீன் தொட்டிதான்.

பார்க்க சுலபமான சமாசாரம் மாதிரி இருக்கும். ஒரு கண்ணாடித் தொட்டி, ரெண்டு கிலோ கூழாங்கல், காற்று விடும் பம்ப், நாலு கப்பி, ரெண்டு மோலி, ரெண்டு ப்ளாட்டி, அஞ்சாறு நியான் டெட்ரா. இப்படிப் பல ஜாதி மீன்கள் சண்டை போடாமல் ஒன்றாகக் குடியிருக்கும் தொட்டிக்கு 'கம்யூனிட்டி டேங்க்' என்று பெயர். கிட்டத்தட்ட நம்ம அபார்ட்மெண்ட் மாதிரி (சண்டை போடாமல் என்பதைத் தவிர!).

வாங்கி வைத்த அன்று தண்ணீர் பளிங்கு. மூன்றாம் நாள் பால் கலந்த மாதிரி வெளுக்கும். இரண்டாம் வாரம் ஒரு மீன் மல்லாந்து மிதக்கும். அடுத்த நாள் இன்னொன்று. பிள்ளை அழும். கடைக்காரர் ஒரு நீல பாட்டில் மருந்து விற்பார். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, புது மீன் வாங்கி வருவோம். அதுவும் மூன்றே வாரத்தில்....

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கான பதில் நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே கிடைத்துவிட்டது. அதில் சுவாரசியம் என்னவென்றால், கேள்வி ஒரு அப்பாவுடையது, பதிலில் பாதி அவருடைய மகனுடையது. நான் பி.காம். படித்தவன், கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அடிப்படையில் இது ஒரு கணக்குப் புத்தகக் கதை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1771-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன மூடிய ஜாடிக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. உயிர்கள் கெடுத்த காற்றைச் செடிகள் சரி செய்கின்றன என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு டாக்டர், வெளிச்சம் இருந்தால்தான் செடி இந்த வேலையைச் செய்யும் என்று நிரூபித்தார்.

1829-ல் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற டாக்டர் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈர மண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியை விட்டுவிடுங்கள், அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணிச் செடியும் புல்லும் முளைத்து, வெளிக்காற்று படாமலேயே வளர்ந்தன. இதிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்க்கும் மோகம் பிறந்தது. 1845-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் கண்ணாடி மேல் இருந்த வரியை ரத்து செய்ய, கண்ணாடி விலை இறங்கியது. பட்ஜெட்டில் ஒரு வரி எடுத்ததற்கும் நம்ம வீட்டு மீன் தொட்டிக்கும் இப்படி ஒரு சம்பந்தம்!

தண்ணீருக்குள் போனவர்களில் முதல் வரிசையில் இரண்டு பெண்கள். 1832-ல் சிசிலித் தீவில் ஜீன் வில்பிரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஓடு கட்டிக்கொள்ளும் ஒரு வகைக் கணவாயை ஆராய்ச்சி செய்யக் கண்ணாடித் தொட்டிகள் செய்து வைத்துக்கொண்டார். 1846-ல் ஆனா தின் என்ற லண்டன் சீமாட்டி கடற்கரைக்குப் போன இடத்தில் பவளப்பூச்சிகளைப் பார்த்து, ஜாடியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார். கடல் தண்ணீர் கெடாமல் இருக்க என்ன வழி? வேலைக்காரப் பெண்ணை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்தத் தண்ணீரை ஆற்ற வைத்தார். நம்ம ஊர் டீக்கடை டெக்னிக்! உலகத்தின் ஆரம்ப கால ஏர் பம்ப்களில் ஒன்று ஒரு வேலைக்காரப் பெண்ணின் கை. அவர் பேர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

இப்போது நம்ம கதாநாயகர் வருகிறார். ராபர்ட் வாரிங்டன். 1807-ல் பிறந்தவர். லண்டனில் மருந்து தயாரிப்பாளர்கள் சங்கத்தில் கெமிஸ்ட் வேலை. 1841-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டி உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர். 1849-ல் இவர் பன்னிரண்டு காலன் (சுமார் 54 லிட்டர்) கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரம் எடுத்தார். அடியில் மணல், சேறு, கொஞ்சம் சுண்ணாம்புக் கல், மணற்கல். மேலே தண்ணீர். ரிப்பன் மாதிரி நீள இலை விடும் வாலிஸ்னேரியா செடி ஒன்று. இரண்டு சின்னத் தங்கமீன்கள்.

மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும். டெபிட்டுக்கு கிரெடிட் சரியாகப் போச்சு. இதுதான் அவர் திட்டம்.

கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு ஏறியது. மனுஷர் தண்ணீரைக் கொட்டவில்லை. குளத்தில் இதை யார் சரி செய்கிறார்கள் என்று யோசித்து, அஞ்சாறு குளத்து நத்தைகளைப் பிடித்து உள்ளே விட்டார். நத்தைகள் அழுகல் இலையையும் வழுவழுப்பையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. அது மட்டுமில்லை, நத்தை இட்ட முட்டைகள் மீனுக்குச் சாப்பாடு. 1850-ல் கெமிக்கல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாகப் படித்தார்.

மீன், செடி, நத்தை. மூன்று பேர் புத்தகமும் டேலி ஆன மாதிரிதான் இருந்தது. 'சமநிலைத் தொட்டி' என்ற கருத்து இங்கேதான் பிறந்தது. அடுத்த நூறு வருஷம் மீன் வளர்ப்புப் புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் ஓதின.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதால் மட்டும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு பதிவு முழுசாகவே விட்டுப்போயிருந்தாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் காட்டும். வாரிங்டன் தொட்டியிலும் அப்படி ஒரு பெரிய கணக்கு விட்டுப்போயிருந்தது. அந்தக் கணக்கின் பெயர் அமோனியா.

மீன் நம்ம மாதிரி இல்லை. உடம்பில் சேரும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடும். தின்னாமல் அடியில் விழுந்த தீனி அழுகினாலும் அமோனியா. செத்த இலை, செத்த நத்தை எல்லாம் அமோனியா. இது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே மீனைக் கொல்லும் அளவுக்கு இருக்கலாம். தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. அடர்த்தியாகச் செடி இருந்தால் ஒரு பகுதியை அது உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு வாலிஸ்னேரியா எத்தனைதான் உறிஞ்சும்? மிச்சத்தை யார் தின்றார்கள்?

அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஊரே தொட்டி வாங்க ஓடியது. 1853 மே மாதம் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தார்கள். அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற வார்த்தையை வீட்டுக்கு வீடு கொண்டு போனது. வரவேற்பறையில் தொட்டி இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்ற அளவுக்கு மோகம். அப்புறம்? நம்ம வீட்டுக் கதையேதான். தண்ணீர் கலங்கியது, மீன் செத்தது, நாற்றம் அடித்தது. 1860-களின் கடைசியில் மோகம் வடிந்தது.

தாக்குப் பிடித்தவர்களில் ஒருவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். தொட்டி வியாபாரி. பெரிய விஞ்ஞானி இல்லை, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துப் பார்க்கத் தெரிந்தவர். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இவர் மேற்பார்வையில் வந்த காட்சியகத்தில் ஒரு தந்திரம் செய்தார். ஜனங்கள் பார்க்கும் தொட்டிகளில் இருக்கும் தண்ணீரைப் போலப் பல மடங்கு தண்ணீரைத் தரைக்கு அடியில், இருட்டில் சேமித்து வைத்தார். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ராத்திரி பகலாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. மாற்றாமலேயே தண்ணீர் தெளிவாக இருந்தது. இருட்டில் பாசி வளராது என்பது அவர் கணக்கு. ஆனால் இருட்டுக்கு இன்னொரு குணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் அப்போது வயல் மண்ணைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

வாரிங்டனுக்கு ஒரு மகன். அவர் பேரும் ராபர்ட்தான். 1838-ல் பிறந்தவர், அப்பா நத்தை பிடித்துத் தொட்டியில் விட்டபோது பதினோரு வயசுப் பையன். அப்பா 1867-ல் காலமானார். மகன் விவசாய கெமிஸ்ட் ஆகி, 1876-ல் லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிரச்சினை என்னவென்றால், வயலுக்கு அமோனியா உரம் போட்டால், மழை பெய்து வடியும் தண்ணீரில் அமோனியாவைக் காணோம், நைட்ரேட்தான் வருகிறது. விவசாயி போட்ட காசு தண்ணீரோடு போகிறது. மண்ணுக்குள் யார் இந்தப் பண்டமாற்று செய்கிறார்கள்?

அடுத்த வருஷமே, 1877-ல், பாரிஸிலிருந்து ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நீளமான கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, சாக்கடைத் தண்ணீரை மெள்ள மெள்ளச் சொட்ட விட்டார்கள். இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்கப்புறம் நைட்ரேட் தலைகாட்டியது, சீக்கிரமே அமோனியா முழுசாகக் காணாமல் போனது. வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள். வேலை நின்றது. ஆவியை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் மண் கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். மறுபடி வேலை ஆரம்பித்தது. ஆக, இது ஏதோ உயிர் செய்கிற வேலை.

இந்த இடத்தில் நிறுத்தி, அப்பா வாரிங்டன் தொட்டியின் அடியில் என்ன போட்டார் என்று மேலே ஒரு தடவை பாருங்கள். மணல், சேறு, சுண்ணாம்புக் கல். பாரிஸ் குழாயில் இருந்த அதே சாமான்! சேற்றோடு அந்த உயிர்களும் தெரியாமலேயே உள்ளே வந்திருந்தன. அவை வேலை செய்யும்போது தண்ணீரில் அமிலம் சேரும், சுண்ணாம்புக் கல் அதைச் சமாளிக்கும். தங்கமீன்களைக் காப்பாற்றியதில் செடிக்கும் நத்தைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு பேர் இல்லாமல் அடியில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுடையது.

மகன் வாரிங்டன் பாரிஸ் பரிசோதனையைக் கையில் எடுத்துக்கொண்டார். 1878-லிருந்து 1891 வரை அதே வேலை. முதலில் கண்டது, வெளிச்சம் பட்டால் இந்த உயிர்கள் மந்தமாகிவிடும், இருட்டில்தான் நன்றாக வேலை செய்யும் (லாய்ட் தரைக்கு அடியில் இருட்டில் தண்ணீர் வைத்தது ஞாபகம் இருக்கிறதா?). இரண்டாவது, இது ஒரே வேலை இல்லை, இரண்டு மேஜை. முதல் மேஜையில் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறார்கள். அடுத்த மேஜையில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறார்கள். இரண்டும் வேறு வேறு உயிர்கள். நம்ம பாங்க் பாஷையில் சொன்னால், மேக்கர் ஒருத்தர், செக்கர் ஒருத்தர்.

அந்த உயிரைத் தனியாகப் பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. அது 1890-ல் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி கையில் நடந்தது. மற்ற எல்லோரும் பாக்டீரியாவுக்குச் சத்தான கூழ் வைத்து வளர்க்கப் பார்க்க, இவர் அந்தச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, அமோனியாவும் சில உப்புகளும் மட்டும் வைத்தார். மற்றதெல்லாம் பட்டினியில் போக, இவை மட்டும் செழித்தன. இவற்றுக்கு அமோனியாதான் சோறு.

ஆக அப்பா திறந்த கணக்கில் விட்டுப்போன பக்கத்தை மகன் வேறொரு ஆபீசில் எழுதி வைத்தார். ஆனால் மீன் வளர்ப்பவர்கள் அந்த ஆபீஸ் பக்கமே போகவில்லை. சமநிலைத் தொட்டி ஒரு கட்டுக்கதை என்று நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் கட்டுரை எழுதியது 1949-ல். தொட்டிக்குள் பிராணவாயு சேருவதும் கரியமில வாயு போவதும் பெரும்பாலும் தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான், செடியால் இல்லை என்று அதில் விளக்கினார். அதற்கப்புறம்தான் கூழாங்கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓட விடுவது, ஸ்பாஞ்ச் வழியாக ஓட விடுவது என்று பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பழக்கம் பரவலானது.

நம்ம பக்கமும் வருவோம். இந்தியாவில் முதல் மீன் காட்சியகம் சென்னை மெரினாவில் 1909-ல் திறந்தது. மெட்ராஸ் மியூசியத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டனுக்கு அதில் பெரிய பங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. மும்பை மெரின் டிரைவில் தாராபோர்வாலா காட்சியகத்தை 1951-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். லீவுக்கு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை கேட்வே, தொங்கும் தோட்டம், இது என்று வரிசையாகக் கூட்டிப்போன தலைமுறை நாம். வீட்டுத் தொட்டிகளுக்கு மீன் வளர்த்து விற்பதில் சென்னை கொளத்தூர் பேர் பெற்றது. அந்தப் பக்கத்து மீன்கள் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து ரயிலேறி நாடெல்லாம் போகின்றன. மும்பைத் தொட்டியில் நீந்தும் மோலிக்கும் நமக்கும் ஒரே ஊர் என்பது சாத்தியம்தான் :-)

சரி, சாப்பாட்டு விஷயம். ரொம்ப காலம் மீனுக்குப் போட்டது புழு, கொசுப் புழு, தண்ணீர்த் தெள்ளு. பிடித்துக் கொண்டு வருவதே பெரும்பாடு என்பதால் யாரும் அதிகம் போட முடியாது. 1950-களில் ஜெர்மனியில் உல்ரிச் பேன்ஷ் என்பவர் காய்ந்த சருகு மாதிரியான தீனியைத் தொழிற்சாலையில் தயாரித்து டப்பாவில் விற்றார். மீன் வளர்ப்பு சாமானியர் வீட்டுக்கு வந்ததற்கு இது பெரிய காரணம். கூடவே, டப்பாவைத் திறந்து கொட்டுவது ரொம்ப சுலபமாகவும் ஆகிவிட்டது.

இதில் நமக்கென்று ஒரு கூடுதல் பிரச்சினை. கோயில் குளத்தில் பொரி போட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். மீனுக்குப் போடுவது புண்ணியம். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்றுதான் கை சொல்லும். ஏக்கர் கணக்கில் இருக்கும் குளத்துக்குச் சரியாக இருந்த பழக்கத்தை நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

எங்கள் சொசைட்டி லாபியில் அப்படி ஒரு நூறு லிட்டர் தொட்டி இருக்கிறது. குழந்தைகளுக்காக எல்லாரும் காசு போட்டு வைத்தது. ஸ்கூல் பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஆளுக்கு ஒரு சிட்டிகை. சாயங்காலம் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை. இரண்டாம் மாடி குஜராத்தி பாட்டி கொஞ்சம் சப்பாத்தி. எய்தர் ஆர் சர்வைவர் அக்கவுண்ட் மாதிரி எல்லாரும் ஆபரேட் பண்ணுவார்கள், ஒருத்தரும் பாஸ்புக் பார்ப்பதில்லை. தண்ணீர் வெளுத்ததும் ஞாயிற்றுக்கிழமை முழு சுத்தம். மீனை பக்கெட்டில் விட்டு, கல், ஸ்பாஞ்ச், கண்ணாடி எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வைப்பார்கள். திங்களன்று தொட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். வியாழனுக்குள் இரண்டு மீன் போய்விடும். கமிட்டி வவுச்சரில் மாதாமாதம் 'மீன் வாங்கிய செலவு' என்று ஒரு வரி.

நாலாவது மாடிச் சின்னப் பெண் ஒருத்தி ஒரு நாள் லிஃப்டில் கேட்டாள். "அங்கிள், நல்லா சுத்தம் பண்ணித்தானே வெச்சோம், அப்புறம் ஏன் செத்துப் போச்சு?"

நல்ல கேள்வி. சுத்தம் பண்ணியதால்தான் செத்தது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருந்த அந்தப் பழுப்பு வழுவழுப்புதான் வாரிங்டன் மகன் தேடிய உயிர்கள் குடியிருக்கும் இடம். அதைத் தேய்த்து எடுத்தோம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மிச்சத்தையும் முடித்தது. பாரிஸ் குழாயில் குளோரோஃபார்ம் செய்த அதே வேலை. அடுத்த மூன்று வாரம் தொட்டியில் அமோனியாவை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. ஆனால் தீனி மட்டும் நிற்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் கமிட்டியில் காட்டினேன். டப்பாத் தீனியில் புரதம் சுமாராக 40 சதவீதம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். அப்படியென்றால் ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு அஞ்சு கிராம் போட்டால் 320 மில்லிகிராம். நூறு லிட்டருக்குப் பங்கு போட்டால் லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். மீன் ஒரு பங்கை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், மிச்சம் தண்ணீரில். இது ஒரு நாள் வரவு. கடையில் விற்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவுக்கு நல்ல நிறம் என்பது பூஜ்யத்துக்கு உரிய நிறம் மட்டும்தான்.

பாக்டீரியா நன்றாக வேலை செய்தாலும் கடைசியில் நைட்ரேட் மிஞ்சும். அது அவ்வளவு விஷமில்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதற்குத்தான் வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால், நைட்ரேட் ஒரு வார வரவைப் போல நாலு மடங்கில் போய் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. பாதித் தண்ணீர் மாற்றினால் இரண்டு மடங்கில் நிற்கும். அதே பலன் இன்னொரு வழியிலும் கிடைக்கும். கால் பங்கையே மாற்றிக்கொண்டு, தீனியைப் பாதியாகக் குறைத்தால் போதும்! முதல் வழியில் பக்கெட் தூக்கி இடுப்பு ஒடியும். இரண்டாம் வழியில் சும்மா இருந்தால் போதும்.

சப்பாத்திப் பாட்டி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பாவம், ஒரு வேளைச் சாப்பாட்டில் எப்படி இருக்கும்?" என்றார். மீனுக்கு ரத்தம் சூடில்லை, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது நம்மைப் போலச் சாப்பாட்டை எரிப்பதில்லை, வாரத்தில் ஒரு நாள் விரதம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். விரதம் என்றதும் முகம் மலர்ந்தது. "அப்போ ஏகாதசிக்கு வைத்துவிடலாம்" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். இப்போது தீனி டப்பா வாட்ச்மேன் மேஜை டிராயரில். தினம் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு முறை. இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுதான். ஸ்பாஞ்சை ஞாயிற்றுக்கிழமை தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசிப் பிழிவதோடு சரி. விடுகிற கால் பங்குத் தண்ணீர் முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்தது, குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் போட்டது. ஆறு வாரம் பொறுமை வேண்டியிருந்தது. வவுச்சரில் அந்த ஒரு வரி நின்றது.

கதை இத்தோடு முடியவில்லை. 1998-ல் அமெரிக்காவில் டிமோதி ஹோவனெக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் நன்னீர்த் தொட்டிகளை மரபணு வழியில் சோதித்தார்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. தொட்டிகளில் இருந்ததோ நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம். 2015-ல் அதைவிடப் பெரிய ஆச்சரியம். அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரைக்கும் இரண்டு மேஜை வேலையையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா இனங்கள் இருக்கின்றன என்று இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஃபில்டர். மகன் வாரிங்டன் போட்ட மேக்கர், செக்கர் கணக்குக்கே நூற்று முப்பது வருஷம் கழித்து ஒரு திருத்தப் பதிவு. அதுவும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலிருந்தே!

தொட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும். மீனை முதல் நாளே வாங்காதீர்கள். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டிக்காரரிடம் போய், அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டு வந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாரிஸில் அவர்கள் ஊற்றிய மண் கரைசல் மாதிரிதான் இதுவும். அப்புறம் ரெண்டே ரெண்டு மீனோடு ஆரம்பித்து, மெள்ள மெள்ளக் கூட்டுங்கள். பக்கத்தில் யாரும் இல்லை என்றால் எங்கள் லாபி ஸ்பாஞ்ச் இருக்கிறது. ஜாமீன் கையெழுத்து வேண்டாம், வட்டியும் கிடையாது.